புளி போட்டு விளக்கிய காப்பு

பதினோரு வருடமாக ஒரு டிரங்குப் பெட்டியின் கைப்பிடியைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். இதைப் பிறர் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

மதுரையில் ஒரு பொருட்காட்சியில் வாங்கியது. குதிரை லாடம் போல வளைந்து இரண்டு முனையும் விரிந்த பித்தளைத் துண்டு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் அந்தக் காலத்தில் காசாகப் புழங்கிய கைக்காப்பு என்றார் விற்றவர். நான் படித்தவள். அங்கே அப்படி ஒரு காப்பு உண்டு, கையிலும் போட்டுக்கொள்வார்கள், சந்தையிலும் கொடுப்பார்கள், கப்பல்காரர்கள் அதை மூட்டை மூட்டையாக வார்த்துக் கொண்டுபோய்க் கொட்டி அதற்கு ஈடாக மனிதர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்ததுதான் கெடுத்தது. ஒன்றும் தெரியாதவர் விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருப்பார். நான் ஒரு சைக்கிள் விலை கொடுத்து வாங்கினேன். இத்தனைக்கும் எனக்கு வங்கியில் கேஷ் கவுண்டர் வேலை. நல்ல நோட்டையும் கள்ள நோட்டையும் விரலால் தடவியே பிரிப்பவள் என்று கிளையில் எனக்குப் பெயர்.

சென்ற தை மாதம் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில், நகைகள் காசாகப் புழங்கிய வரலாற்றைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் அந்தப் பொருளைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரம் பேசி, அதைத் தூக்கிக் காட்டி, கைதட்டும் வாங்கினேன். மைக்கைக் கழற்ற வந்த ஆள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது டிரங்குப் பொட்டியோட காதுல்ல. எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. அந்தப் பக்கத்துக் காது உங்ககிட்ட இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக. அதுவல்ல என் அவமானம். அதற்குச் சற்று முன்பு, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, நம்ம பக்கம் இந்த மாதிரி எதுவும் இருந்ததா என்று கேட்டாள். அதுபற்றி விரிவான ஆய்வு நடக்க வேண்டும் என்றேன். ஆய்வு நடக்க வேண்டிய இடம் அந்த மண்டபத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆய்வைக் கெடுத்தவள் மேடையில் நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் சாயல்குடிக்கு உள்ளே தள்ளி, கடல் வாடை வந்து சேரும், மீன் வந்து சேராத தூரத்தில் இருந்தது. மிளகாய், கொஞ்சம் நெல், மிச்ச இடமெல்லாம் கருவேலம். எழுபத்து நான்காம் வருடத்தைப் பற்றி என் வயதுக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். ரேஷன் கோதுமையில் கஞ்சி காய்ச்சத் தெரியாமல் சுவரொட்டி ஒட்டும் பசையைக் காய்ச்சிக் குடித்த வருடம். கண்மாய் வெடித்துக் கிடந்தது. அதற்குள் பெண்கள் ஆள் உயரத்துக்கு ஊற்றுத் தோண்டி, உள்ளே இறங்கி உட்கார்ந்து, சிரட்டையால் தண்ணீர் கோரி எடுப்பார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு சண்டை முடிந்து அடுத்த சண்டை தொடங்கியிருக்கும். அய்யா இரண்டு காளைகளையும் தீவனம் இல்லாமல் விற்றார். விற்ற மறுநாள் காலையில் தொழுவத்தைச் சுத்தமாகக் கூட்டினார். யாரோ விருந்தாளி வரப்போவதைப் போல இருந்தது.

அந்த மாசியில் விருந்தாளியும் வந்தாள். அய்யாவின் ஒரே தங்கை, என் அத்தை. முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் ஒரு துணிப்பை மட்டும். கட்டிக்கொடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கட்டிக்கொடுத்த ஊர் கடலோரத்து உப்பள ஊர். மாமாவுக்கு அங்கே உப்பளத்தில் கங்காணி வேலை, அத்தைக்கு அதே உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. பாத்தித் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதங்கள் வெடித்திருந்தன. எங்கள் கண்மாயைப் போலவே இருந்தன. ஆனால் அதை அவளிடம் சொல்லும் அளவுக்கு நான் அப்போது நகைச்சுவை எழுத்தாளராக ஆகியிருக்கவில்லை. எனக்குப் பதினொரு வயது.

அத்தைக்கு இடது காது கேட்கவில்லை. அது உப்பளத்தால் வந்ததல்ல. அம்மா கேட்டதற்கு, "கதவுல இடிச்சுக்கிட்டேன் மதினி" என்றாள். அந்த வீட்டுக்குக் கதவே கிடையாது, ஓலைப்படல்தான். அய்யாவுக்கும் அது தெரியும். போன பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனபோது அந்தப் படலைத் தூக்கி நகர்த்தி உள்ளே போனவர் அவர்தான். அவர் வாசலில் கிடந்த கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார். கட்டுவதற்கு மாடு இல்லாத கயிறு.

அத்தை வந்த பிறகு எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்கள் மாறின. அவள் சோற்றிலும் கஞ்சியிலும் உப்பே சேர்க்க மாட்டாள், நான்கு வருடத்துக்கு வேண்டிய உப்பு உடம்பிலேயே இருக்கிறது என்பாள். அடுத்தது, எனக்குப் பக்கத்தில் படுக்க ஆள் கிடைத்தது. பகல் வெயிலில் என் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டே மதுரையைப் பற்றிப் பேசுவாள். அவளுடன் உப்பு வாரிய ஒருத்தி மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆயாவாகப் போயிருந்தாள். நீயும் வா, இடம் இருக்கிறது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். வேலை தரையைத் துடைப்பது. நிழலில் செய்கிற வேலை என்பதை மட்டும் அத்தை திரும்பத் திரும்பச் சொல்வாள். ஆஸ்பத்திரிக்குள் வெறுங்காலோடு நடக்கக் கூடாதாம். அதற்காகச் சந்தையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் வைத்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் அதைப் போட்டு நடந்து பழகுவாள். பட்டை பிய்ந்துவிடும் என்று பயந்து, முட்டையின் மேல் நடப்பவளைப் போல நடப்பாள்.

அதற்கு முன்னால் அவள் அந்தக் கல்யாணத்திலிருந்து விடுபட வேண்டும். எங்கள் ஆட்களிடையே அதற்கு வழி இருந்தது. வழியின் பெயர்தான் காப்பு.

பரிசக் காப்பு என்பார்கள். ஒரு ஜோடி வெள்ளிக் கால்காப்பு. ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன், முனையில் தாமரை மொட்டு. சுற்றி ஏழு ஊர்களில் எங்கள் சொந்தக்காரர்களிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெண் வீட்டாருக்குப் பரிசமாகக் கொடுத்துப் பெண்ணைக் கூட்டிப்போவார்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் அது இருக்கும், அந்த வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் ஆகும்வரை. அப்போது அது அடுத்த ஊருக்குக் கிளம்பும். எல்லாக் கல்யாணத்துக்கும் அது எட்டாது, எட்டாத வீடுகளில் ரூபாய்ப் பரிசத்தோடு சரி. அதை அணிந்துகொண்டு வேலை செய்ய முடியாது. கல்யாணத்தன்று மணப்பெண் அதைப் போட்டுக்கொண்டு மூன்று அடி நடப்பாள், உடனே கழற்றிவிடுவார்கள். நான்காவது அடி வைத்தவள் எங்கள் வட்டாரத்தில் கிடையாது.

இப்போது யோசித்தால் அது ஒரு வினோதமான காசு. அதற்குச் சில்லறை கிடையாது. அதைக் கொடுத்து உப்போ மிளகாயோ வாங்க முடியாது. பெண்ணை மட்டும்தான் வாங்க முடியும். ரூபாயும் கொஞ்சம் தட்டில் வைப்பார்கள், ஆனால் ரூபாயைப் பற்றிப் பேசினால் ஆட்டுச் சந்தை மாதிரி ஆகிவிடும் என்று யாரும் பேச மாட்டார்கள். காப்பைப் பற்றிப் பேசினால் அது குடும்ப கௌரவம். நோட்டில் கவர்னர் கையெழுத்து இருப்பதைப் போல, ஒரு காப்பில் மட்டும் ஓர் உளி வெட்டு இருந்தது. யாரோ ஒரு முன்னோர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்து, பாதியில் மனம் மாறி உளியைக் கீழே வைத்திருக்கிறார். அந்த மனிதருக்கு என்னைவிட அறிவு அதிகம்.

புருஷன் பெண்டாட்டி ஒத்துவரவில்லை என்றால், வாங்கிய காப்பைச் சபையில் திருப்பி வைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொண்டு ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவார்கள். அவ்வளவுதான், அவள் யாருக்கும் மனைவி இல்லை. அத்தையின் காப்பு எங்கள் வீட்டில், அம்மாவின் அடுக்குப் பானைகளில் அடிப்பானைக்குள், சிவப்புத் துணியில் இருந்தது. என் அண்ணனுக்குக் கல்யாண வயதாக இன்னும் பத்து வருடம் இருந்தது. ஆகவே எந்தச் சிக்கலும் இல்லை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவது என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை மதுரை பஸ்ஸுக்கு அத்தை கிளம்புவாள்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அம்மாவும் அத்தையும் ஊற்றில் வரிசைக்குப் போயிருந்தார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. நாளைக்குச் சபையில் வைக்கும்போது காப்பு புதிது போல மினுங்கினால் மாமா வீட்டுக்காரர்கள் மனம் குளிர்ந்து எடுத்துக்கொள்வார்கள், அத்தையை முகம் சுளிக்காமல் விட்டுவிடுவார்கள். சிறுவயதில் வந்த யோசனைகளில் எனக்கு இன்றும் ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். மற்றவற்றால் சேதம் இல்லை.

துணியைப் பிரித்தேன். காப்பு கரிக்கட்டை போல இருந்தது. வீட்டில் பித்தளை அண்டாவுக்கு அம்மா என்ன செய்வாளோ அதையே செய்தேன். முதலில் புளி. பிறகு சாம்பல். போதாது என்று செங்கல்லை உடைத்துப் பொடி செய்து தேங்காய் நாரால் தேய்த்தேன். ஒன்று வெளுத்தது, அடுத்ததும் வெளுத்தது. அழகாக இருந்தது. உள்வளைவில் ஓரிடத்தில் மட்டும் கருப்பு போகவில்லை. அங்கே உட்கார்ந்து தேய்த்தேன். விரல் தோல் உரிந்தது. கருப்பு போய் வெள்ளை வந்தது. வெள்ளையும் போய்ச் சிவப்பு வந்தது. செங்கல் பொடி என்று நினைத்துக் கழுவினேன். என் ரத்தமோ என்று விரலைப் பார்த்தேன். மறுபடி கழுவினேன். சிவப்பு அப்படியே இருந்தது. எங்கள் வீட்டுச் செம்புக் குடத்தின் அடியில் இருக்கும் அதே சிவப்பு.

நான் பயந்தேன், ஆனால் சிவப்புக்காக அல்ல. கழுவியதில் ஊற்றுத் தண்ணீர் அரைக் குடம் காலியாகியிருந்தது. அதற்கு அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் அன்றைக்கு என் கவலை முழுவதும். காப்பைத் துடைத்துத் துணியில் சுற்றி அடிப்பானைக்குள் வைத்தேன். தண்ணீரைப் பூனை தட்டிவிட்டது என்று சொன்னேன். எங்களிடம் பூனை இல்லை. அம்மா கேள்வி கேட்கும் தெம்பில் இல்லை.

சபை கூடியது களத்தில். அடித்துத் தூற்ற அந்த வருடம் எதுவும் விளையாததால் களம் சும்மாதான் கிடந்தது. மாமா வீட்டிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். மாமா அதிகம் பேசவில்லை, சிகரெட் அட்டையைக் கிழித்துக் கிழித்துப் பக்கத்தில் குவித்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் அவருடைய அண்ணன்தான். எங்கள் பக்கம் அய்யாவும் ஊர்ப் பெரியவரும் இன்னும் சிலரும். பெண்கள் களத்து ஓரம். அத்தை ஒரு கல்லில் உட்கார்ந்து, கேட்கிற காதை சபைப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

ஊர்ப் பெரியவர் இரண்டு பக்கமும் கேட்டார். வாழ முடியாது என்றாள் அத்தை. வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்று மாமாவும் சொல்லிவிட்டார். ரொம்ப நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அய்யா துணியைப் பிரித்துக் காப்பைத் தரையில் வைத்தார். பங்குனி வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது. அய்யாவே ஒரு கணம் பின்வாங்கினார்.

மாமாவின் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது எங்க காப்பு இல்ல. நாங்க குடுத்தது கரேல்னு கெடந்துச்சு. இது நேத்துச் சந்தையில எடுத்தது கணக்கா மினுங்குது."

உளி வெட்டைப் பாருங்கள் என்றார் அய்யா. வெட்டு யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்றார் அவர். நிஜக் காப்பை விற்றுத் தின்றுவிட்டு மட்டமானதைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள் என்று கூட வந்தவர் ஒருவர் சொன்னார். பஞ்சத்தில் மாட்டை விற்றவன் காப்பை விற்க மாட்டானா என்று இன்னொருவர் சிரித்தார். அய்யாவின் முகம் எப்படி ஆனது என்பதை நான் எழுதப் போவதில்லை. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். உண்மையை நிரூபிக்கவும் தெரியாதவர்.

எனக்குத் தெரியும். நான் எழுந்து நேராகச் சபை நடுவில் போய் நின்றேன்.

"அது அதே காப்புதான் மாமா. நான்தான் புளி போட்டு வெளக்குனேன். வேணும்னா உள்பக்கம் பாருங்க, ரொம்பத் தேச்சதுல உள்ள இருக்குற செம்பு தெரியுது."

நான் நிரூபித்துவிட்ட பெருமையில் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமாவின் அண்ணன் கையிலிருந்த காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைத் திருப்பி, உள்வளைவை விரலால் தடவி, ஊர்ப் பெரியவரிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தனித்தனியாகச் சொல்ல முடியாது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாங்கள் வெள்ளி கொடுத்தோம், செம்பு திரும்பி வருகிறது என்றார்கள் அவர்கள். நீங்கள் கொடுத்ததே இதுதான் என்றார்கள் எங்களவர்கள். அப்படியானால் எங்களுக்குக் கொடுத்தவன் ஏமாற்றினானா என்று அவர்கள் அதற்கு முந்தைய வீட்டைப் பிடித்தார்கள். முந்தைய வீட்டுக்காரர் ஒருவர் அங்கேயே எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் வீட்டில் இருந்தவரை அது வெள்ளிதான் என்று சத்தியம் செய்தார். பின்னால் ஒரு மாதம் ஏழு ஊருக்கும் சைக்கிளில் ஆட்கள் போய்க் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் அதே பதில். தங்கள் வீட்டில் இருந்தவரை வெள்ளி. அந்தச் சண்டையில் நிச்சயம் செய்த இரண்டு கல்யாணங்கள் நின்றுபோயின. முதுகுளத்தூர் ஆசாரி ஒருவர் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது செய்யும்போதே செம்பு, மேலே வெள்ளித் தகடு போர்த்தியிருக்கிறார்கள், கைவேலை சுத்தம் என்று பாராட்டினாராம். அப்படியானால் எங்கள் ஏழு ஊரிலும் அந்தக் காப்புக்குப் போன அத்தனை பெண்களும் செம்புக்குத்தான் போயிருக்கிறார்கள். என் அம்மா உட்பட.

அன்றைக்குக் களத்தில் ஒரு முடிவு வேண்டியிருந்தது. அதே எடைக்கு நல்ல வெள்ளி வைத்தால் துரும்பைக் கிள்ளுகிறோம், இல்லாவிட்டால் பெண்ணை அனுப்புங்கள் என்றார் மாமாவின் அண்ணன். ஊர்ப் பெரியவர் அய்யாவைப் பார்த்தார். அய்யா தொழுவம் இருந்த திசையைப் பார்த்தார். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மாவின் கை மெல்ல அவள் காதுவரை போனது. அங்கே இரண்டு தங்கத் தோடு இருந்தது, எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒரே நகை. கை அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கியது. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அடுத்த ஆடியில் எங்களுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தது அந்தத் தோடுதான்.

"ஒரு மழ பெய்யட்டும். மொளகாய் எடுத்ததும் வெள்ளி வாங்கி வச்சு என் தங்கச்சியக் கூட்டிக்கிடுறேன்" என்றார் அய்யா. அவர் அதை நம்பித்தான் சொன்னார். அடுத்த வருடமும் மழை பெய்யவில்லை. பெய்த வருடத்தில் கடன்காரர்கள் முதலில் வந்தார்கள். அதற்குள் அத்தைக்கு ஒரு பையன் பிறந்திருந்தான், பிள்ளை பிறந்த இடத்தில் பேச்சை எதற்கு எடுப்பது என்று விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குக் கஞ்சி ஊற்றினாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அகப்பையால் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அதத் தூக்கி வச்சு எடுத்தவளுகளுக்குத் தெரியாதாடி அது என்னன்னு. கைக்குத் தெரியாதா கனம். இத்தன வருசத்துல எவளாவது ஒருத்தி வாயத் தெறந்திருப்பாளா?"

அப்போதுதான் புரிந்தது. எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆண்களுக்குத் தெரியாமல் இருந்ததால் அது வெள்ளியாகவே இருந்தது. பிற்காலத்தில் பணம் என்பது நம்பிக்கைதான் என்று தடித்தடிப் புத்தகங்களில் படித்தபோதெல்லாம் எனக்கு முதுகு வலித்திருக்கிறது.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அத்தை போனாள். மாமா முன்னால் நடந்தார், அவள் நாலடி பின்னால். துணிப்பை அதேதான். செருப்பை எடுத்துக்கொள்ளவில்லை, அடுப்படி மூலையில் செய்தித்தாளோடு இருந்தது. நான் ரோடுவரை கூடவே ஓடினேன். பஸ் ஏறும்போது அய்யாவிடம் தலையை ஆட்டினாள், அம்மாவிடம் ஏதோ சொன்னாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. பஸ் போன பிறகு புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. செருப்பை நான் பெரியவளாகிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இரண்டே மாதத்தில் பட்டை பிய்ந்தது.

காப்பை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள், அய்யாவும் குனிந்து எடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர் வீட்டில் கிடந்தது. சில வருடம் கழித்து அவர் வீட்டு மருமகள், பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் கொடுக்க வந்தவரிடம் அதைப் போட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினாளாம். அத்தனை தலைமுறையில் அந்தக் காசு பெண்ணைத் தவிர வேறொரு பொருளை வாங்கியது அந்த ஒரு முறைதான்.

நான் படித்தேன். வேலைக்குப் போனேன். மதுரைக்கே போனேன். அத்தை துடைக்க ஆசைப்பட்ட ஆஸ்பத்திரித் தரையில்தான் என் இரண்டு பிரசவத்துக்கும் படுத்திருந்தேன். விசேஷ வீடுகளில் அத்தையைத் தூரத்தில் பார்ப்பேன். பந்தியில் அவள் ஒரு வரிசையில் உட்கார்ந்தால் நான் அடுத்த பந்திக்குக் காத்திருப்பேன். அவள் என்னைப் பார்க்காத அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு, அவள் என்னை மன்னிக்கவில்லை என்று ஒரு பெரிய கட்டடமே கட்டி வைத்திருந்தேன். ஆப்பிரிக்கக் காப்புகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது கூட அந்தக் கட்டடத்துக்கு ஒரு மாடி எழுப்பத்தான். இங்கே நடந்ததை அங்கே நடந்ததாக வைத்துப் படித்தால் கண்ணீர் விடுவது சுலபம்.

கல்லூரியில் பேசிய மறுநாள், அந்தக் கடைசி வரிசைப் பெண்ணின் கேள்வி என்னை விடாததால், அந்த உப்பள ஊருக்குப் பஸ் ஏறினேன். பழம், பன் ரொட்டி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மாதிரி. மாமா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அத்தை சிமெண்டு ஓடு போட்ட ஒற்றை அறை வீட்டு வாசலில் உட்கார்ந்து, லாரித் தண்ணீருக்காக ஐந்தாறு பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். பாதம் இரண்டும் கருவாடு போல இருந்தது. யார் என்று தெரியாமல் பார்த்தாள். சொன்னதும், "அண்ணன் மகளா, வாத்தா" என்று ஒரு குடத்தை நகர்த்தி இடம் செய்தாள்.

கொஞ்ச நேரம் யார் யார் செத்தார்கள் என்று பேசினோம். பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். இப்போது இரண்டு காதுமே சரியாகக் கேட்கவில்லை அவளுக்கு. முப்பத்தைந்து வருடமாக மனதுக்குள் செதுக்கிச் செதுக்கி வைத்திருந்த வாக்கியத்தை, அன்னைக்குக் களத்துல செம்புன்னு சொன்னது நான்தான் அத்தை என்பதை, மூன்று முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை எதிர்வீட்டில் தலை சீவிக்கொண்டிருந்த பெண் சீப்பை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஒரு சின்னப்புள்ள எந்திரிச்சு சொன்னுச்சுன்னு நெனப்பு இருக்கு. நீதானா அது" என்றாள் அத்தை. குரலில் கோபமும் இல்லை, வேறொன்றும் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடியைத் திருகிப் பார்த்து, மறுபடி மூடினாள். "அதான் இந்தப் பக்கமே வரலையா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். "வெக்கமா இருந்துச்சு அத்தை. உங்க மூஞ்சியில முழிக்க முடியல."

தெருக்கோடியில் லாரியின் ஹார்ன் கேட்டது. எனக்குத்தான் கேட்டது. எதிர்வீட்டுப் பெண் எழுந்து ஓடுவதைப் பார்த்துத்தான் அத்தைக்குத் தெரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், இரண்டு குடத்தை இடுப்பிலும் கையிலுமாக எடுத்தாள், மிச்சத்தை என் பக்கம் காலால் தள்ளினாள்.

"வெக்கத்த மதுரையில உக்காந்து பட்டதுக்கு, இங்கன வந்து ரெண்டு கொடம் தண்ணி எடுத்துக் குடுத்துக்கிட்டே பட்டிருக்கலாம்ல."